காரைக்குடியில வீடு, பெருங்குடியில வாடகை: உங்க ஓட்டு எங்க?

காரைக்குடியில என்கூடப் படிச்ச நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில ஐடி வேலை, பெருங்குடியில வாடகை வீடு, ஆறு வருஷம் ஆச்சு. ஊர்ல பூர்வீக வீடு இருக்கு. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போவார். அவர் கேட்டது இதுதான்: "ஓட்டை ஊர்லயே வச்சுக்கலாமா, இங்க மாத்தணுமாடா? வீட்டு வரி நாங்கதான் கட்டுறோம். வீடு எங்களோடது. அப்ப ஓட்டும் அங்கதானே இருக்கணும்?" கடைசியில, "எங்க அபார்ட்மென்ட்ல பாதிப் பேருக்கு இதே டவுட், எபிசோடாவே போட்டுடு"ன்னு முடிச்சிருந்தார்.

அதான் இந்த எபிசோட். ஆன்லைன்ல வாக்காளரா பதிவு பண்றது எப்படின்னு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. எந்த பட்டனை அழுத்தணும்னு சொல்லிக்கொடுப்பாங்க. ஆனா ஃபார்ம்ல முகவரின்னு ஒரு கட்டம் வருதே, அங்க எந்த முகவரியைப் போடறதுன்னு யாரும் சொல்றதில்ல. நம்ம ஊர்க்காரங்களுக்குச் சிக்கலே அந்தக் கட்டத்துலதான்.

இது இப்ப ஏன் முக்கியம்னு ஒரு கணக்கு சொல்றேன். 2025 அக்டோபர் 27 அன்னைக்கு தேர்தல் ஆணையம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்கள்ல சிறப்புத் தீவிரத் திருத்தம்னு ஒண்ணை அறிவிச்சது. செய்திகள்ல எஸ்ஐஆர்னு கேட்டிருப்பீங்க. டிசம்பர் 19-ல தமிழ்நாட்டோட வரைவுப் பட்டியல் வந்தப்ப, சுமார் 6.41 கோடியா இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியா இறங்கியிருந்தது. விடுபட்ட சுமார் 97 லட்சம் பேர்ல இறந்தவங்க ஏறத்தாழ 27 லட்சம். இடம் மாறினவங்க, அந்த முகவரியில கிடைக்காதவங்கன்னு குறிக்கப்பட்டவங்க 66 லட்சத்துக்கு மேல. அரசியல் கட்சிகள் இதைப் பத்தி நிறைய சண்டை போட்டாங்க, கோர்ட்டுக்கும் போனாங்க. அது தனி எபிசோட். எனக்கு உறைச்சது அந்த 66 லட்சம்தான். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஊரை விட்டு வந்த நம்ம மாதிரி ஆட்கள் மேல விழற முத்திரை அது.

சரி, சட்டம் என்ன சொல்லுது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950. அதுல பிரிவு 19 சொல்றது, 18 வயசு நிரம்பி, ஒரு தொகுதியில 'சாதாரணமா வசிக்கிற' குடிமகன் அந்தத் தொகுதியோட பட்டியல்ல பேர் சேர்க்கலாம். அடுத்த பிரிவு 20, சாதாரணமா வசிக்கிறதுன்னா என்னன்னு விளக்குது. அதோட முதல் வரியே செட்டிநாட்டைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும். ஒரு தொகுதியில வீடு சொந்தமா இருக்கு, இல்ல வீடு உங்க கைவசம் இருக்குங்கிற காரணத்துக்காக மட்டும் நீங்க அங்க வசிக்கிறதா கருத முடியாது.

இதை நம்ம ஊர்ல வச்சுப் பாருங்க. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி பக்கம் போனா ஒரு தெருவுல நுழைஞ்சு அடுத்த தெருவுல முடியற வீடுகள். பர்மாத் தேக்குத் தூண், முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை. உள்ள யார் இருக்கான்னு பார்த்தா வாட்ச்மேனும் அவர் குடும்பமும். பங்காளிகள் இருபது முப்பது பேருக்கு அந்த வீட்டுல பங்கு இருக்கும். அவங்க இருக்கிறது சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், டெக்சாஸ். சட்டப்படி அந்த வீட்டு முகவரியில ஓட்டு அந்த வாட்ச்மேனுக்குத்தான். பங்குதாரருக்கு இல்ல.

இன்னொரு பக்கம் பாருங்க. வீடே இல்லாதவர் ஓட்டு எங்க? தேர்தல் ஆணையத்தோட வழிகாட்டுதல்ல அதுக்கும் பதில் இருக்கு. நடைபாதையில படுக்கிறவர் விண்ணப்பம் போட்டா, வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பிஎல்ஓ, ராத்திரி நேரத்துல அங்க போய், சொன்ன இடத்துலதான் அவர் தூங்குறாரான்னு பார்க்கணும். ஒரு தடவை இல்ல, ஒரு ராத்திரிக்கு மேல. அதை உறுதி பண்ணிட்டா முகவரிச் சான்று கேட்கக் கூடாது. அறுபது ரூம் வீடு வச்சிருக்கிறவருக்கு இல்லாத ஓட்டு, காரைக்குடி பஸ் ஸ்டாண்ட் வாசல்ல தூங்குறவருக்கு உண்டு. எனக்கு இந்தச் சட்டத்துல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிரா வேலை செய்யற ஒரு பதிவேடு இருக்கு. நான் நகரத்தார் இல்ல, ஆனா காரைக்குடியில வளர்ந்தா இது தெரியாம இருக்காது. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டின்னு ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் ஆனா அந்தக் கோயில்ல தனிப் புள்ளி ஆயிடுவாங்க. புள்ளிக்கு இவ்வளவுன்னு வரியும் உண்டு. நீங்க அமெரிக்காவுல இருந்தாலும் உங்க புள்ளி இங்கதான். அந்தப் பதிவேடு நீங்க எங்க இருந்து வந்தவர்னு கேட்குது. வாக்காளர் பட்டியல் நீங்க இப்ப எங்க இருக்கீங்கன்னு கேட்குது. என் நண்பர் மட்டுமில்ல, நம்ம ஊர்ல பலர் ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறோம். ஓட்டை மாத்தினா ஊரை விட்டே போயிட்ட மாதிரி ஒரு உறுத்தல்.

ஆனா அதே பிரிவு 20-ல இன்னொரு வரியும் இருக்கு. தற்காலிகமா வெளியூர் போயிருக்கிற ஒரே காரணத்தால ஒருத்தர் வசிப்பிடத்தை இழந்துட மாட்டார். மூணு மாசம் ஆன்சைட், ஆறு மாசம் புராஜெக்ட்னு போயிட்டு வர்றவர் மாத்த வேண்டியதில்ல. ஆறு வருஷமா வாடகை கொடுத்து, கேஸ் கனெக்‌ஷன் வாங்கி, பிள்ளையை அங்க ஸ்கூல்ல சேர்த்திருந்தா அது தற்காலிகம்னு சொல்றது கஷ்டம். நடுவுல இருக்கிற ஆட்களுக்குச் சட்டம் நாள் கணக்கு எதுவும் கொடுக்கல. வாக்காளர் பதிவு அலுவலர்தான் விஷயத்தைப் பார்த்து முடிவு பண்ணணும்.

ஹாஸ்டல்ல இருக்கிற மாணவர்களுக்கு மட்டும் சாய்ஸ் உண்டு. அழகப்பா யுனிவர்சிட்டியிலயோ அழகப்பச் செட்டியார் இன்ஜினியரிங் காலேஜ்லயோ படிக்க வெளியூர்ல இருந்து வந்தவங்க அப்பா அம்மா வீட்டு முகவரியில பதியலாம், இல்ல ஹாஸ்டல் முகவரியில பதியலாம். ரெண்டுல ஒண்ணு. ஹாஸ்டல்னா கல்லூரியில இருந்து ஒரு சான்று வாங்கி வைக்கணும்.

ரெண்டு இடத்துலயும் வச்சுக்கலாமேன்னு சிலர் கேட்பீங்க. பிரிவு 17, 18 ரெண்டும் அதைத் தடுக்குது. ஒருத்தருக்கு ஒரு தொகுதி, அதுல ஒரு தடவை. தெரிஞ்சே பொய் உறுதிமொழி கொடுத்தா பிரிவு 31 படி ஒரு வருஷம் வரை சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். எந்த ஃபார்ம் போட்டாலும் கீழ கையெழுத்துப் போடற இடத்துல இந்த எச்சரிக்கை இருக்கும். நாம யாரும் அதைப் படிக்கிறதில்ல, 'ஐ அக்ரீ' அழுத்திப் பழகின தலைமுறை.

இப்ப போர்ட்டலுக்கு வருவோம். தேசிய வாக்காளர் சேவை போர்ட்டல் 2015 ஜனவரி 25-ல வந்தது. இப்ப முகவரி வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன். மொபைல்ல ஆப்பும் இருக்கு. முதல் தடவையா பேர் சேர்க்க படிவம் 6. வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகனுக்கு 6ஏ. பேரை நீக்கவோ ஆட்சேபிக்கவோ 7. வீடு மாறினா, பேர்ல பிழை இருந்தா, அடையாள அட்டை தொலைஞ்சா எல்லாத்துக்கும் 8. 2022 ஆகஸ்ட் முதல் இப்படி. என் நண்பர் போட வேண்டியது 8, புதுசா 6 இல்ல. நிறையப் பேர் ஊர் மாறினதும் புதுசா 6 போட்டுடறாங்க, அதனாலதான் ஒரே ஆள் ரெண்டு இடத்துல முளைக்கிறார். படிவம் 8 போட்டா பழைய அடையாள எண்ணே கூட வரும், பழைய இடத்துல இருந்தும் பேர் எடுக்கப்படும். பேர் பட்டியல்ல இருந்தே போயிட்டவங்களுக்கு மட்டும்தான் மறுபடி 6.

நான் பொழுதன்னைக்கும் ஃபார்மும் டேட்டாபேஸுமா வாழற ஆள். அந்தக் கண்ணுல பார்த்தா இந்த போர்ட்டல்ல 'சப்மிட்' பட்டன் கொஞ்சம் ஏமாத்துற பட்டன். அழுத்தினதும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும். நாம டிக்கெட் புக் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிறோம். உண்மையில நடந்தது ஒரு மனு ஒரு மேஜைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். அந்த மனு உங்க ஏரியா பிஎல்ஓ கைக்குப் போகும். அவங்க பெரும்பாலும் ஒரு ஸ்கூல் டீச்சராவோ அங்கன்வாடி ஊழியராவோ இருப்பாங்க. சொந்த வேலைக்கு மேல இந்த வேலை. வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க, இல்ல போன் பண்ணுவாங்க. இன்னொரு பக்கம், விண்ணப்பம் வந்திருக்குன்னு வெளியிட்டு, யாராவது ஆட்சேபிக்கிறாங்களான்னு குறைஞ்சது ஏழு நாள் காத்திருக்கணும். அப்புறம்தான் வாக்காளர் பதிவு அலுவலர் ஏத்துக்கிறதா நிராகரிக்கிறதான்னு முடிவு பண்ணுவார். நிராகரிச்சா 15 நாளுக்குள்ள மாவட்ட ஆட்சியர்கிட்ட மேல்முறையீடு செய்யலாம். அங்கயும் ஆகலன்னா 30 நாளுக்குள்ள மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகிட்ட.

அதனால பிஎல்ஓ வர்ற நேரத்துல நீங்க ஆபீஸ்ல, கதவு பூட்டு, தெரியாத நம்பர்னு போனையும் எடுக்கலன்னா, ஆன்லைன்ல நீங்க எவ்வளவு கரெக்டா டைப் பண்ணியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல. விண்ணப்பம் போட்ட ரெண்டு வாரத்துக்குத் தெரியாத நம்பரையும் எடுங்க. லோன் வேணுமான்னு கேட்கிறவங்களையும் சேர்த்துச் சகிச்சுக்கணும், வேற வழியில்ல.

இந்தக் காலத்துல வீடு வீடா ஒரு டீச்சர் நடக்கணுமான்னு என்கூட வேலை பார்க்கிறவங்க கேட்டாங்க. ஆதாரோட இணைச்சு மொத்தத்தையும் தானா பண்ணிடலாமேன்னு. அவங்களுக்கு நான் சொன்னது ஆலந்து கதை. கர்நாடகாவுல கலபுரகி மாவட்டத்துல இருக்கிற தொகுதி. 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னாடி அங்க பேர் நீக்கச் சொல்லி ஆன்லைன்ல 6,018 விண்ணப்பம் படிவம் 7-ல வந்தது. எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நேர்ல போய் விசாரிச்சாங்க. உண்மையானது 24. மிச்சம் 5,994-ம் தப்பு. அந்தப் பேர்களை நீக்கல, போலீஸ்ல வழக்குப் பதிவாச்சு. 2025 செப்டம்பர்ல ராகுல் காந்தி இதை எடுத்துப் பேசினப்ப நாடு முழுக்கத் தெரிஞ்சது. யார் பண்ணினது, விசாரணை எப்படிப் போச்சுங்கிறதுல பெரிய சண்டை இருக்கு. நான் பார்க்கிறது வேற. ஒரு ஸ்கிரிப்ட் எழுதத் தெரிஞ்சவன் உட்கார்ந்த இடத்துல இருந்து ஒரு ஊரோட ஓட்டுகளைக் குறி வைக்க முடிஞ்சது. அதைத் தடுத்தது ஆத்தென்டிகேஷன் இல்ல, செருப்பு போட்டு நடந்து போய்க் கதவைத் தட்டின ஆட்கள். அந்த மாசமே ஆணையம், 6, 7, 8 படிவங்களுக்கு ஆதாரோட இணைஞ்ச மொபைலுக்கு ஓடிபி வர்ற இ-சைன் முறையைக் கொண்டுவந்தது. இதை முதல் நாள்லயே வச்சிருக்கணும்ங்கிறது என் அபிப்பிராயம்.

ஆனா அந்தப் பூட்டு நம்ம ஊர் ஆட்களை வெளியில நிறுத்தும் ஒரு இடம் இருக்கு. பேர். இ-சைன் வேலை செய்யணும்னா அட்டையில இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒத்துப்போகணும். தமிழ்நாட்டுல குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். அது ஒரு அட்டையில முன்னாடி இருக்கும், இன்னொண்ணுல பின்னாடி. ஒண்ணுல புள்ளி இருக்கும், ஒண்ணுல அப்பா பேரே முழுசா வந்து நிக்கும். செட்டிநாட்டுல கேட்கவே வேண்டாம். அப்பா, தாத்தா, பூட்டன்னு மூணு நாலு தலைமுறை இனிஷியல்ல வரிசை கட்டி நிக்கும், அதுலயும் ஒவ்வொண்ணும் ரெண்டெழுத்து. அதைக் கொண்டுபோய் 'ஃபர்ஸ்ட் நேம்', 'சர்நேம்'னு ரெண்டு கட்டத்துல திணிக்கணும். எஸ்ஐஆர் நேரத்துலயும் கணக்கெடுப்புப் படிவத்தை ஆன்லைன்ல நிரப்ப இதே நிபந்தனை இருந்தது. பேர் ஒத்துவராதவங்க காகிதத்துலதான் கொடுக்க வேண்டியிருந்தது. முதல்ல ரெண்டு அட்டையையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. ஒத்துப்போகலன்னா பிஎல்ஓகிட்ட காகிதப் படிவம் கொடுங்க, அதுக்கு மதிப்பு ஒண்ணும் குறைவில்ல.

பேர்ல இன்னொரு கண்ணி. இங்கிலீஷ்ல டைப் பண்ணினா தமிழ்க் கட்டத்தை மெஷினே நிரப்பிடும். அதுக்கு ழ, ள, ல எல்லாம் ஒண்ணுதான். வள்ளியம்மை எப்ப வல்லியம்மை ஆனான்னே தெரியாது. நம்ம பட்டியல் தமிழ்லயும் அச்சாகுது, அதனால அந்தக் கட்டத்தை நீங்களே ஒரு தடவை படிச்சுத் திருத்திடுங்க.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு முகவரிச் சான்றுதான் தலைவலி. லிஸ்ட்ல பதிவு செஞ்ச வாடகை ஒப்பந்தம்னு இருக்கு. சென்னையில ஹவுஸ் ஓனர்கிட்ட 'ரிஜிஸ்டர் பண்ணலாமா சார்'னு கேட்டா அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவார். பதினோரு மாச ஸ்டாம்ப் பேப்பர் அந்தக் கணக்குல வராது. கரண்ட் பில் ஓனர் பேர்ல இருக்கும். சுலபமான வழி, ஆதார்லயோ பேங்க் பாஸ்புக்லயோ முதல்ல முகவரியை மாத்திக்கிறது. எந்தச் சான்றும் இல்லன்னாலும் விண்ணப்பிக்கலாம். நேர்ல வந்து பார்க்கிறது கட்டாயம்னு படிவத்துலயே போட்டிருக்கு.

நம்ம ஆட்கள் போய்ப் பிழைச்ச நாடுகள்ல இதை எப்படிப் பண்றாங்கன்னும் பார்த்தேன். சிங்கப்பூர்ல விண்ணப்பமே கிடையாது. அடையாள அட்டையில இருக்கிற முகவரியை வச்சு அரசாங்கமே பட்டியல் போடுது. மலேசியாவுல 2021 டிசம்பர் 15 வரை நாமளாப் போய்த்தான் பதியணும். அன்னைக்கு முதல் வயசை 21-ல இருந்து 18-ஆக் குறைச்சு, பதிவையும் தானியங்கி ஆக்கினாங்க. 2018-ல ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் கீழ இருந்த வாக்காளர்கள் 2022 தேர்தல்ல 2.1 கோடி ஆயிட்டாங்க. ஆனா அங்கயும் ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டை முகவரியை மாத்தாதவங்களுக்கு ஓட்டு கம்பத்துல, ஆள் கோலாலம்பூர்ல. ஓட்டுப் போட பஸ் ஏறணும். எந்த ஊர்லயும் முகவரியை மாத்துற வேலை மட்டும் நம்ம தலையிலதான் இருக்கு போல.

வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு தனிக் கதவு 2011-ல திறந்தது. இந்தியப் பாஸ்போர்ட் கையில இருக்கணும், வேற நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. அப்படின்னா 6ஏ போட்டு, பாஸ்போர்ட்ல இருக்கிற ஊர் முகவரியில பேர் சேர்க்கலாம். அதாவது காரைக்குடி வீட்டைப் பூட்டிட்டு சென்னைக்குப் போனவருக்கு அந்த முகவரியில ஓட்டு இல்ல, துபாய்க்குப் போனவருக்கு உண்டு. கேட்க விநோதமா இருக்கும், சட்டம் அதுதான். ஆனா ஓட்டுப் போட நேர்லதான் வரணும். 2024 மக்களவைத் தேர்தல்ல நாடு முழுக்க இப்படிப் பதிஞ்சிருந்தவங்க 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவங்க 2,958. அதுலயும் பெரும்பகுதி கேரளா. ஓ.சி.ஐ அட்டை வச்சிருக்கிறவங்களுக்கு இந்த உரிமையே கிடையாது.

இருந்த இடத்துல இருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட முடியாதான்னா, முயற்சி நடந்தது. ஒரே மெஷின்ல 72 தொகுதி வரைக்கும் கையாளற ரிமோட் ஓட்டு இயந்திரத்தை 2023 ஜனவரியில கட்சிகளுக்குக் காட்ட ஆணையம் கூட்டம் போட்டது. எதிர்க்கட்சிகள் ஒத்துக்கல. அதோட நிக்குது.

அதனால என் நண்பருக்கு நான் சொன்ன பதில், மாத்து. பெருங்குடியில மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வர்றப்ப நீ கூப்பிடறது அந்த ஏரியா கவுன்சிலரைத்தான். அவருக்கு உன் ஓட்டு இல்லன்னு தெரியும். காரைக்குடி 2024-ல மாநகராட்சி ஆகியிருக்கு. அங்க குப்பை எடுக்கிறதா, தண்ணி வர்றதான்னு தினம் பார்க்கிறவங்க முடிவு பண்ணட்டும். இது என் கருத்து, நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. ஆனா ஊர்லதான் வச்சுக்குவேன்னா, ஊர்லதான் வசிக்கிறேன்னு கையெழுத்துப் போட முடியுமான்னு மட்டும் பார்த்துக்கங்க.

நேரம் பத்தி ஒரு விஷயம். முன்னாடி ஜனவரி 1-ல 18 முடிஞ்சிருக்கணும், ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த வருஷம். 2021 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ன்னு நாலு தேதி. 17 முடிஞ்சாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தேர்தல்னு வந்துட்டா, வேட்புமனு கடைசி நாளுக்கு அப்புறம் அந்தத் தேர்தலுக்குப் பட்டியல்ல யாரையும் சேர்க்க முடியாது. அதுக்கு முன்னாடி அந்த ஏழு நாளும் வேணும். பிரிட்டன்ல 2016-ல பிரெக்ஸிட் ஓட்டெடுப்புக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் ராத்திரி கூட்டம் தாங்காம வெப்சைட் படுத்துடுச்சு, அரசாங்கம் ரெண்டு நாள் நீட்டிச்சுக் கொடுத்தது. இங்க அப்படி நீட்டிப்பாங்கன்னு நம்பி இருக்காதீங்க.

இன்னைக்கே செய்யக்கூடியது, போர்ட்டல்ல உங்க பேரைத் தேடிப் பாருங்க. அட்டை பர்ஸ்ல இருக்கிறதுக்கும் பேர் பட்டியல்ல இருக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல, ஓட்டு பட்டியலுக்குத்தான். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. ஊர்ல அப்பத்தா, ஆச்சி யாராவது தனியா இருந்தா அவங்க பேரையும் சேர்த்துத் தேடுங்க. சந்தேகம்னா 1950-க்கு அடிங்க. மாவட்டத்தோட எஸ்டிடி கோடு முன்னாடி சேர்த்துக்கணும், சிவகங்கைக்கு 04575, சென்னைக்கு 044.